பல்லும் பயினும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘அறிவியலும் கவிதையும்’ என்னும் பொதுத் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இத்தலைப்பில் பேசுவோர் வழக்கமாக விண்மீன்களிடம் போவார்கள். இல்லையேல் அணுவைத் துளைப்பார்கள். நான் அவ்வளவு தொலைவு செல்லவில்லை. வாய்க்குள் மட்டுமே செல்கிறேன். பல்லில் ஒட்டும் பசையைப் பற்றியும், அப்பசை எதிலிருந்து செய்யப்படுகிறது, இனி எதிலிருந்து செய்யப்படலாம் என்பது பற்றியும் சில செய்திகளைச் சொல்ல விழைகிறேன். நான் வேதியியல் பயின்றவள் அல்லள், தமிழ் கற்பிப்பவள். ஆதலின் சொல்லின் வாயிலாகவே இப்பொருளுக்குள் நுழைகிறேன்.

‘பற்பசை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லும் பசையும் சேர்ந்தது. நாள்தோறும் காலையில் நாம் கையாளும் இப்பொருள் எதையும் எதனோடும் ஒட்டுவதில்லை. தேய்க்கிறோம், கொப்பளிக்கிறோம், துப்பிவிடுகிறோம். மெய்யாகவே பல்லோடு ஒட்டி, ஆண்டுக்கணக்கில் விடாமல் நிற்க முயலும் பசையொன்று வந்து சேர்ந்தபோது, அதற்குரிய பெயரைத் துப்பிவிடும் பொருள் முன்னரே எடுத்துக்கொண்டுவிட்டது. இன்று பல் மருத்துவமனையில் அதற்குப் பெயர் ‘பாண்டிங்’. நோயாளியும் மருத்துவரும் அப்படியே சொல்கின்றனர். கடன்பத்திரமும் பாண்டு, பற்பிடிப்பும் பாண்டு என்றாகிவிட்டது.

பல் தமிழுக்குப் புறம்பான பொருள் அன்று. தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துப் பிறப்பதற்குரிய இடங்களாக எட்டினை எண்ணும்போது தலை, மிடறு, நெஞ்சு, இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பனவற்றோடு பல்லையும் எண்ணுகிறது. தகரமும் நகரமும் பல்லின் அடியில் நா பொருந்தப் பிறப்பன. வகரம் பல்லும் இதழும் இயையப் பிறப்பது. முன்பல் இழந்த முதியவர் ‘தமிழ்’ என்று சொல்லும்போது முதலெழுத்திலேயே காற்றுக் கசிவதை நாம் கேட்டிருக்கிறோம். ஆகவே, பல்லைக் காப்பது பற்றிய ஆய்வு பல் மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. எழுத்துக்கும் அதில் பங்கு உண்டு.

பழைய முறையில் சொத்தைப் பல்லை அடைத்தவர்கள் வெள்ளி, தகரம், செம்பு ஆகியவற்றைப் பாதரசத்தில் குழைத்து அடைத்தார்கள். எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசமே. அந்த உலோகக் கலவை பல்லோடு ஒட்டாது. ஒட்டாத ஒன்று விழாமல் நிற்க வேண்டுமானால், குழியை வாய் குறுகி உள் அகன்ற குடம்போலக் குடைய வேண்டும். இதன் பொருள் என்ன? சொத்தையான பகுதியோடு, ஒரு குற்றமும் இல்லாத நல்ல பகுதியையும் வெட்டி எறிய வேண்டும். நோயைவிட மருந்து மிகுதியாகப் பல்லைத் தின்றது. ஒட்டும் பசை ஒன்று இருந்தால் கெட்டதை மட்டும் நீக்கி நல்லதை அப்படியே விட்டுவிடலாம். இத்துறையின் முழு முயற்சியும் இந்த ஒரு நோக்கத்திலிருந்து எழுந்ததே. பாதரசத்தைக் குறைக்க 2013இல் மினமாட்டா உடன்படிக்கை உருவானது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து, தவிர்க்க இயலாத மருத்துவக் காரணம் இருந்தாலன்றி, இவ்வடைப்பை நிறுத்திவிட்டது. எனவே, பசையின்மீது சுமத்தப்படும் பொறுப்பு இன்று கூடியிருக்கிறது.

1955இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவனோகோர் என்னும் ஆய்வாளர் ஓர் எளிய செயலைச் செய்தார். உலோகத் தகட்டில் வண்ணம் நன்கு பிடிக்க வேண்டுமென்று தொழிற்சாலைகளில் முதலில் பாஸ்பாரிக் அமிலத்தால் தகட்டைப் பதப்படுத்துவதுண்டு. அதையே பல்லுக்குச் செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். நூற்றுக்கு 85 பங்கு வலிமையுள்ள அமிலத்தைப் பல்லின் மேலுறையாகிய எனாமலில் அரை நிமிடம் தடவிக் கழுவினார். அதன்பின் அக்ரிலிக் பிசின் முன்னைவிடப் பன்மடங்கு உறுதியாகப் பற்றிக்கொண்டது. எனாமல் எடையில் நூற்றுக்கு 96 பங்கு கனிமம், ஏறத்தாழக் கல். அமிலம் அக்கல்லில் கண்ணுக்குப் புலனாகாத நுண்குழிகளை ஆக்குகிறது. நீர்மமாக இருக்கும் பிசின் அக்குழிகளில் இறங்கி அங்கேயே இறுகுகிறது. கற்சுவரின் இடுக்கில் ஆலம் விதை வேரூன்றுவதைக் கண்டவர்க்கு இது விளங்கும்.

‘நீர்மமாகச் சென்று இறுகுகிறது’ என்றேன். இது காய்ந்து இறுகுவதன்று. சிறு மூலக்கூறுகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்து நெடுஞ்சங்கிலி ஆகின்றன. சிறியதை ‘ஒருபடி’ என்றும் சங்கிலியைப் ‘பலபடி’ என்றும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சொல்லும். ‘பல்பகுதியம்’ என்னும் சொல்லும் வழங்குகிறது. அதன் ‘பல்’ வாயிலுள்ள பல் அன்று, பன்மை குறித்தது என்பதை மாணவர்க்குச் சொல்ல வேண்டியிருக்கும்! இத்தகைய நெடுஞ்சங்கிலிகள் உள்ளன என்று 1920இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் எழுதியபோது வேதியியலார் பலர் நம்பவில்லை. சிறு மூலக்கூறுகள் வெறுமனே கூட்டமாக நிற்கின்றன என்றே அவர்கள் கருதினர். கூட்டம் வேறு, பிணைப்பு வேறு என்று நிறுவ அவருக்கு ஆண்டுகள் பல ஆயின. நோபல் பரிசு 1953இல்தான் வந்தது.

சங்கிலி தொடங்குவதற்கு ஒரு தூண்டல் வேண்டும். இன்று மருத்துவர் நீல விளக்கைப் பல்லருகே பிடிக்கிறார் அல்லவா? அந்நீல ஒளியை ஏற்று வினையைத் தொடங்கிவைப்பது பெரும்பாலும் கேம்ஃபர்குயினோன் என்னும் மஞ்சள் நிறப் பொருள். அது கற்பூரத்திலிருந்து பெறப்படுவது. தீபாராதனைத் தட்டில் எரிந்து ஒன்றுமில்லாமல் போகும் பொருளின் வழித்தோன்றல், இங்கே எரியாமல் ஒளி வாங்கி ஒன்றைக் கல்லாக்குகிறது. கவிஞர்களே, இதை நான் உவமையாகச் சொல்லவில்லை, உள்ளபடியே சொல்கிறேன்.

இன்றைய வெண்ணிற அடைப்புகளின் அடிப்படை மூலக்கூறு அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தில் பணியாற்றிய ரஃபேல் போவன் ஆக்கியது. அவர் முதலில் எப்பாக்சிப் பிசினை முயன்றார். அது வாயில் இறுகுவதற்குள் நோயாளி பொறுமை இழந்துவிடுவார். எனவே, எப்பாக்சியின் உடலையும் விரைந்து இறுகும் மெத்தாகிரிலேட்டின் இரு கைகளையும் சேர்த்துப் ‘பிஸ்-ஜிஎம்ஏ’ என்னும் ஒருபடியை உருவாக்கினார். 1962இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. தேனைவிடக் கெட்டியான அதை வேறொரு மெல்லிய ஒருபடியால் நெகிழ்த்தி, பதப்படுத்திய படிகக்கல் தூளைக் கலந்தால் அடைக்கும் சாந்து கிடைக்கும். இறுகும்போது இச்சாந்து பருமனில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். சுருங்கும்போது சுவரிலிருந்து தன்னைத்தானே பிய்த்துக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுத்துப் பிடித்து நிறுத்துவதும் பசையின் வேலையே.

எனாமலில் ஒட்டுவது எளிது. அதனடியில் உள்ள டென்டின்தான் இடர். எடையில் நூற்றுக்கு 70 பங்கு கனிமம், 20 பங்கு பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத நார், 10 பங்கு நீர். உயிரோடு தொடர்புடைய ஈரமான பொருள். பிசினோ நீரை வெறுப்பது. டென்டினில் அமிலம் பட்டால் பல்லின் உயிர்க்கூழ் மடியும் என்று மேலை நாட்டுக் கல்லூரிகள் நெடுங்காலம் கற்பித்தன. 1979இல் ஜப்பானியப் பேராசிரியர் ஃபூசயாமா டென்டினையும் அமிலத்தால் பதப்படுத்தலாம் என்றபோது அங்கே ஏற்பு எளிதில் கிட்டவில்லை. 1982இல் தோக்கியோவைச் சேர்ந்த நோபுவோ நகபயாஷி தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வு, உள்ளே நிகழ்வது என்ன என்பதைக் காட்டியது. அமிலம் கனிமத்தைக் கரைக்கிறது, நார்வலை மட்டும் எஞ்சுகிறது, ஒருபடி அவ்வலைக்குள் ஊடுருவுகிறது, அங்கே பலபடியாகிறது. சில மைக்ரான் தடிமனில் பல்லும் அல்லாத, பிசினும் அல்லாத ஒரு புதுப்படலம் தோன்றுகிறது. ‘ஹைபிரிட்’ படலம் என்பது அவர்கள் வைத்த பெயர்.

இதனைப் படித்தபோது நன்னூலின் புணர்ச்சி விகாரங்கள் மூன்றும் என் நினைவுக்கு வந்தன. கனிமம் போவது கெடுதல். ஒருபடி வந்து சேர்வது தோன்றல். அது பலபடியாக மாறுவது திரிதல். பல்லும் பொடியும் புணர்ந்து பற்பொடி ஆகும்போது நடுவில் ஒலிக்கும் றகரம் நிலைமொழிக்கும் உரியதன்று; வருமொழிக்கும் உரியதன்று. ஆயினும், இவ்வொப்புமையை நான் தொலைவு இழுக்க விரும்பவில்லை. தேர்வுத்தாளில் ‘பிரித்தெழுதுக’ என்றால் மாணவர் பற்பொடியைப் பிரித்துவிடுவார். இறுகிய பிசினை அப்படிப் பிரித்துப் பல்லையும் ஒருபடியையும் திரும்பப் பெற முடியாது. ஒரு துறையின் உண்மை இன்னொரு துறைக்கு உவமையாகும், சான்றாகாது. இலக்கியக் கூட்டங்களில் இவ்வேறுபாட்டை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இந்தப் படலத்தின் பகை நீர். ஈரமான நாரில் நுழைவதற்காகவே பசையில் ‘ஹெமா’ என்னும் நீர்விரும்பி ஒருபடியைச் சேர்க்கிறார்கள். கண்ணுள் அணியும் மென்வில்லைகளுக்குச் செக் வேதியியலார் ஒட்டோ விக்டர்லே கையாண்ட அதே பொருள்தான். இன்று நகப்பூச்சுகளிலும் இருக்கிறது, தோல் ஒவ்வாமைக்கும் காரணமாகிறது. நுழைவதற்கு உதவிய அந்நீர்விருப்பமே பின்னர் நீரை உள்ளே அழைக்கிறது. உமிழ்நீரின் நொதிகள் பிசினின் எஸ்டர் பிணைப்புகளை அறுக்கின்றன. பிசின் முழுதும் மூடாமல் விட்ட நார்களைப் பல்லுக்குள்ளேயே உறங்கிக்கிடந்த நொதிகள் அரிக்கின்றன. கிருமிகள் இல்லாதபோதும் இவ்வரிப்பு நிகழ்கிறது என்று 2004இல் டேவிட் பாஷ்லி குழுவினர் காட்டினர். ஒட்டிய அன்று அளக்கும் வலிமை பெரும் எண்ணாக இருக்கும். சில ஆண்டுகள் கழித்து அளப்பதே மெய்யான அளவு. விளம்பரங்கள் முதல் எண்ணை மட்டும் அச்சிடுகின்றன.

இனி, மூலப்பொருளுக்கு வருகிறேன். போவனின் மூலக்கூற்றுக்கு முதுகெலும்பு பிஸ்பீனால்-ஏ. அது பெட்ரோலியத்திலிருந்து வருவது. பெண்மை இயக்குநீர்போலச் செயற்படும் தன்மை அதற்கு உண்டு என்பதை 1936இலேயே எட்வர்டு டாட்ஸ் கண்டறிந்தார். 1996இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்று, பல்லில் பூசிய பிசினிலிருந்து அது உமிழ்நீரில் கசிகிறது என்று கூறியபின் அச்சம் பரவியது. இங்கே நிதானம் வேண்டும். பிஸ்-ஜிஎம்ஏ வேறு, பிஸ்பீனால்-ஏ வேறு. உமிழ்நீரில் எளிதாகப் பிளந்து பிஸ்பீனால்-ஏயைத் தருவது பிஸ்-டிஎம்ஏ என்னும் அதன் உறவுப் பொருளே. பிஸ்-ஜிஎம்ஏயில் இருப்பது தூய்மைக் குறைவால் எஞ்சும் சிறுதுளி. ஆயினும், வேறு வழி உண்டா என்னும் தேடல் தொடங்கிவிட்டது. நிலத்தில் மீண்டும் விளையும் பொருள்களிலிருந்து ஒருபடிகளைச் செய்யும் முயற்சி அதுவே.

கிராம்பிலிருந்து தொடங்குவது நமக்கு இயல்பு. பல்வலிக்குக் கிராம்பை அடக்கிக்கொள்ளாத வீடு உண்டா? அதன் எண்ணெயிலுள்ள யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்து மருத்துவர்கள் தற்காலிக அடைப்பாக வைப்பதுண்டு. ஆனால், பிசினுக்கு யூஜினால் பகை. தன்னிடமுள்ள ஐதரசன் ஒன்றைக் கொடுத்து, வளரும் சங்கிலியை அங்கேயே நிறுத்திவிடும். நோவைத் தணிக்கும் கிராம்பு, பசையை இறுகவிடாது. மாட்ரிட் நகர ஆய்வாளர்கள் இதற்கொரு வழி கண்டு 2006இல் வெளியிட்டனர். யூஜினாலின் அக்கையைக் கட்டி, அங்கே ஒரு மெத்தாகிரிலேட்டைப் பொருத்தினர். சங்கிலியை அறுத்தது சங்கிலியின் கண்ணியாயிற்று.

இதைவிட எனக்கு வியப்பளித்தது இட்டகோனிக் அமிலம். 1836இல் சிட்ரிக் அமிலத்தைச் சூடாக்கி வடித்தபோது கிடைத்தது. ‘அகோனிடிக்’ என்னும் மற்றோர் அமிலத்தின் பெயரை உரோமன் எழுத்தில் எழுதி, எழுத்துகளை இடம்மாற்றி அடுக்கி இதற்குப் பெயர் வைத்தார்கள். சித்திரகவி நமக்கு மட்டும் உரியதன்று போலும்! இன்று ஆஸ்பர்ஜில்லஸ் டெரியஸ் என்னும் பூஞ்சைக்குச் சர்க்கரையை ஊட்டி இதனை விளைவிக்கிறார்கள். ‘வருங்கால ஒருபடி’ என்று இதனைக் காட்டுவோர் ஒன்றை மறக்கிறார்கள். இது பல் மருத்துவத்துக்குள் எப்போதோ வந்துவிட்டது. லண்டனில் ஆலன் வில்சனும் பிரையன் கென்டும் உருவாக்கி 1972இல் அறிவித்த கிளாஸ் அயனோமர் சிமென்டில், நாளடைவில் அக்ரிலிக்கோடு இட்டகோனிக் அமிலத்தையும் கோத்த பலபடி இடம்பெற்றது. அச்சிமென்டு பல்லின் கால்சியத்தோடு நேரடியாகப் பிணைவது, ஈரத்துக்கு அஞ்சாதது. துளைபொறியும் மின்சாரமும் இல்லாமல், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி அடைக்கும் முறை 1980களின் நடுவில் தான்சானியாவில் தொடங்கியது. ஊர்ப்புறங்களில் அது பரவ இச்சிமென்டே துணை. உறுதியில் பிசினுக்கு இளைத்ததுதான். மருத்துவர் வராத ஊரில் எது உறுதி என்று யார் அளப்பது?

சோள மாவுச்சத்தைக் குளுகோசாக்கி, சார்பிடாலாக்கி, நீரை நீக்கினால் ஐசோசார்பைடு. நெஞ்சுவலி வந்தவர் நாவடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை இதன் நைட்ரேட். சார்பிடாலோ, பற்பசை உலராமல் இருக்க அதில் சேர்க்கப்படுவது. பிஸ்பீனாலின் இடத்தில் ஐசோசார்பைடை வைத்துப் போவனின் மூலக்கூற்றைப் போன்ற ஒன்றைச் செய்து போலந்து ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டனர். ஆனால், சர்க்கரையின் வழி வந்தது நீரை விரும்பும். நீரே இங்குப் பகை என்று முன்னரே சொன்னேன். மேலும், முதுகெலும்பு சோளத்திலிருந்து வந்தாலும் இரு கைகளாகிய மெத்தாகிரிலேட் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது. பாதி மரத்தை வைத்துக்கொண்டு ‘பசுமை’ என்று முழுப்பெயர் சூட்டுவது எனக்கு உடன்பாடன்று.

முந்திரி நமக்கு அண்மையது. போர்ச்சுகீசியர் கொண்டுவந்த மரம். பண்ருட்டி அதனால் பெயர் பெற்றது. பருப்புக்கும் மேல்தோட்டுக்கும் இடையே சுரக்கும் எண்ணெயைச் சூடாக்கினால் அதிலுள்ள அனகார்டிக் அமிலம் கரியமில வாயுவை இழந்து கார்டனால் ஆகும். ஒரு முனையில் பீனால் வளையம், மறுமுனையில் பதினைந்து கரிம அணுக்கள் கொண்ட நீரை வெறுக்கும் வால். முந்திரியின் தாயகமான வடகிழக்குப் பிரேசிலில் ஆய்வாளர்கள் இக்கார்டனாலைக் கொண்டு டென்டினின் நார்களை அரிப்பிலிருந்து காக்க முயன்றுவருகின்றனர். உணவுக்குரிய பருப்பு இதற்குத் தேவையில்லை; தோடே போதும். சோளத்தைவிட இதுவே எனக்கு மனநிறைவு தருவது.

ஆனால், கவிஞர்களே, ‘இயற்கை’ என்றவுடன் கைகூப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. முந்திரி உடைக்கும் பெண்களின் கைகளைப் பாருங்கள். அவ்வெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அதற்காகவே கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொள்கிறார்கள். அதே குடும்பத்துச் சேங்கொட்டையின் சாற்றால் சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிட்டனர்; எத்தனை வெளுப்புக்கும் அக்குறி போகாது; தோலில் பட்டாலோ கொப்பளிக்கும். ஜப்பானியர் கிண்ணங்களில் பூசும் அரக்குமரப் பாலும் இக்குடும்பமே. அது காற்றின் ஈரத்தில், நொதியின் துணையால் இறுகும் பலபடி. ஒட்டுவதும் புண்ணாக்குவதும் இங்கே ஒரே தன்மையின் இரு செயல்கள். மீண்டும் விளைவது என்பதால் தீங்கற்றது என்று ஆகாது. ஆலையில் பிறந்தது என்பதால் நஞ்சு என்றும் ஆகாது. நம் கவிதைகளில் செயற்கை என்னும் சொல் வசைச்சொல்லாகவே வருகிறது. அதை ஒருமுறை மறுபரிசீலனை செய்யலாம்.

கடைசியாகப் பெயர்கள். ‘புதுப்பிக்கத்தக்க ஒருபடி’ என்று எழுதுகிறார்கள். நாம் புதுப்பிப்பது ஓட்டுநர் உரிமத்தை. மரத்தை யாரும் புதுப்பிப்பதில்லை, அது விளைகிறது. ‘மீள்விளை ஒருபடி’ என்பது எனக்குப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. இறுகும் பிசினுக்குப் ‘பயின்’ என்னும் பழஞ்சொல் இருக்கிறது. பிசினையும் அரக்கையும் குறித்தது. தச்சர்கள் கையாளும் ‘வச்சிரம்’ இருக்கிறது; ஆனால், அது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சுவது. ஒட்டும் செயலுக்குப் ‘பற்று’ உண்டு. தலைவலிக்குப் போடுவதும் பற்று, கொல்லர் உலோகத்தை இணைப்பதும் பற்று. ‘பிணி’ என்பது கட்டுதலைக் குறிக்கும் நல்ல சொல். ஆனால், ‘பற்பிணி’ என்று பலகையில் எழுதினால் பல்நோய் என்று எண்ணி நோயாளி ஓடிவிடுவார். நகபயாஷியின் படலத்துக்கோ என்னிடம் பெயரே இல்லை. ‘கலப்பினப் படலம்’ என்று எழுதுகிறார்கள்; மாட்டுப்பண்ணை நினைவுக்கு வருகிறது. இவ்வட்டத்தில் சொல் வளம் மிக்கவர்கள் பலர் இருக்கிறீர்கள். தேநீர் இடைவேளையில் என்னைக் கண்டு சொல்லுங்கள். குறித்துக்கொள்ளக் கையில் தாள் வைத்திருக்கிறேன்.